எப்பங்க எஃப் ஒன்னு?

டிஸ்கிய மொதல்லயே போட்டுடறேன். நான் ரேஸ் ஓட்டுனவன் கிடையாது. என்னோட அதிகபட்ச சாகசம், டி.வி.எஸ். ஃபிஃப்டியில ரெண்டு மூட்டை புண்ணாக்கு வெச்சுக்கிட்டு சூலூர் குளத்து மேட்டுல எதிர்காத்துல போனதுதான். லேத் பட்டறை வெச்சுப் பொழைக்கறவன். ஆனா எங்க அக்கா பையன் எட்டு வருசமா ரேஸ் ஓட்டறான். தாய்மாமன்ங்கற ஒரே தகுதியில டயர் உருட்டி, செயினுக்கு ஸ்ப்ரே அடிச்சு, செட்டிபாளையம் வெயில்ல கருவாடாக் காஞ்சவன் நான். அதனால கொஞ்சம் பேசலாம்னு நெனைக்கறேன். கோவிச்சுக்காதீங்க.

போன கார்த்திகையில சொந்தத்துல ஒரு கல்யாணம். ரிசப்ஷன்ல பையனைப் பார்த்த ஒரு பெரியவர் கேட்டார். "கண்ணு, நீ கார் ரேஸ் ஓட்டறயாமா? எப்ப எஃப் ஒன்னு?" பையன் சிரிச்சான். அவரு சாப்பிடப் போயிட்டாரு. அடுத்து ஒருத்தர், "தம்பி, எப்பப்பா எஃப் ஒன்னு?" அப்புறம் ஒரு அக்கா. அப்புறம் வீடியோ எடுக்க வந்த தம்பி. நான் எண்ணுனேன் சாமி. தாம்பூலப் பை வாங்கி வெளிய வர்றதுக்குள்ள பதினோரு பேரு.

பதினோராவது ஆளுக்குப் பையன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். "இல்லீங்க, அதெல்லாம் முடியாதுங்க"ன்னான். பதினேழு வயசுப் பையன். தோத்துப்போனவன் மாதிரித் தலைய குனிஞ்சுக்கிட்டு சொன்னான். இத்தனைக்கும் அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் ஒரு ரேஸ்ல மழையில பதினாலாவது எடத்துல கிளம்பி அஞ்சாவதா வந்திருந்தான். அதைக் கேக்க அந்த மண்டபத்துல ஒரு ஆள் இல்லை.

நம்ம ஊருக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவோட மோட்டார் ரேஸ் தலைநகரம் கோயமுத்தூர்னு எங்க போனாலும் சொல்லிக்குவோம். பொய்யும் இல்லை. மில் குடும்பத்துல பொறந்த கரிவரதன், மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒத்தை சீட்டு ரேஸ் காருக்குள்ள வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஒண்ணை உண்டாக்குனாரு. பணக்காரன் வெளிநாட்டுக் கார் எறக்குமதி பண்ணித்தான் ரேஸ் ஓட்டணும்ங்கற நெலமைய மாத்துன மனுசன். 1995-ல விமான விபத்துல போயிட்டாரு. 2003-ல செட்டிபாளையத்துல தொறந்த 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பேரைத்தான் வெச்சாங்க, கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு. எல்.ஜி.பி. பேருல ஃபார்முலா பந்தயம் நடக்குது. ஜே. ஆனந்தோட ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ்ல ரேஸ் கார் செய்யறாங்க. இதெல்லாம் போக நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா மாருதியில ஆரம்பிச்சு, 2005-ல ஜோர்டன் அணியில சேர்ந்து, இந்தியாவோட மொத எஃப் ஒன் டிரைவர் ஆன நம்மூர்க்காரர்.

இங்கதான் எனக்கு வயிறு எரியுது. நரேன் பத்தி நம்மாளுககிட்ட கேட்டுப் பாருங்க. "எஃப் ஒன் ஓட்டுனாரு. ஒருவாட்டி நாலாவதா வந்தாரு." முடிஞ்சுது. அந்த நாலாவது எடம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? 2005 அமெரிக்கன் கிராண்ட் ப்ரீ. மிஷெலின் டயர் தாங்காதுன்னு 14 காரு வார்ம்-அப் லாப் முடிஞ்சதும் பிட்டுக்குள்ள போய் நின்னுருச்சு. மிச்சம் ஓடுனது 6 காரு. அதுல நாலாவது. எஃப் ஒன்னுல அவரு வாங்குன மொத்தம் 5 பாயிண்டும் அந்த ஒரு நாள்ல வந்ததுதான். இதை அவரைக் கொறைச்சு சொல்லலை. அந்த வண்டிய வெச்சுக்கிட்டு அதுக்கு மேல எவனாலயும் கிழிக்க முடிஞ்சிருக்காது.

ஆனா 2019 நவம்பர்ல ஜப்பான் ஃபுஜி டிராக்குல என்ன நடந்துச்சு? ஜப்பானோட சூப்பர் ஜிடி காருகளையும் ஜெர்மனியோட டிடிஎம் காருகளையும் ஒண்ணா மோதவிட்ட பந்தயம். ட்ரீம் ரேஸ்னு பேரு வெச்சாங்க. ஆடி, பி.எம்.டபிள்யூ., ஹோண்டா, நிஸான், லெக்சஸ் எல்லாம் இருந்துச்சு. அதுல ஞாயித்துக்கிழமை ரேஸை ஜெயிச்சது 42 வயசு நரேன். ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். ஓட்டி. பாதி காரு ஒதுங்கி நின்ன ரேஸ் இல்லைங்க, அத்தனை பேரும் முட்டி மோதுன ரேஸ். அவரு வாழ்க்கையிலயே பெரிய வெற்றிகள்ல ஒண்ணுன்னு நான் சொல்லுவேன். நம்மூர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எஃப் ஒன் இல்லையே, அதனால அது கணக்குல வராது!

இந்த ஒரு கேள்வி, எப்ப எஃப் ஒன்னுங்கற கேள்வி, நம்ம பசங்களைக் கெடுக்குதுன்னு நான் சொல்றேன். அப்பனுகளை அதைவிட மோசமாக் கெடுக்குது. அப்பனுக கதைக்குப் பின்னாடி வர்றேன்.

மொதல்ல சாதாரணக் கூட்டல் கணக்கு. 2026-ல எஃப் ஒன்னுக்கு 11 அணி. அணிக்கு ரெண்டு பேரு. ஆக 22 சீட்டு, உலகம் பூராவுக்கும். அதுல பாதி சீட்டு பத்து வருசம் பட்டா போட்ட மாதிரி அசையாது. உள்ள போகறதுக்கு சூப்பர் லைசென்ஸ் வேணும், அதுக்கு மூணு சீசனுக்குள்ள 40 பாயிண்ட் சேர்க்கணும். அந்தப் பாயிண்ட் கிடைக்கற ரேஸெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவுல. இந்தியாவுலிருந்து இதுவரைக்கும் எஃப் ஒன் ரேஸ் ஓட்டுனது ரெண்டே பேரு, நரேனும் சென்னை கருண் சந்தோக்கும். கடைசியா நரேன் ஓட்டுனது 2012.

இப்ப இன்னொரு கணக்கு. பிரான்ஸ்ல லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸ். 1923-லிருந்து நடக்குது, எஃப் ஒன் சாம்பியன்ஷிப்பை விட ஒரு தலைமுறை மூத்தது. 2025-ல 62 காரு. காருக்கு மூணு டிரைவர். 186 பேருங்க! ஒரே ஒரு ரேஸ்ல. இதே மாதிரி ஐரோப்பாவுல ஒரு சீரிஸ், ஆசியாவுல ஒரு சீரிஸ், அமெரிக்காவுல ஒண்ணு, ஜிடி3 காருகளுக்குன்னு தனியா நாலஞ்சு. சம்பளம் வாங்கிட்டு ரேஸ் ஓட்டற பொழப்பு உலகத்துல எங்க அதிகமா இருக்குன்னு கேட்டா, இங்கதான் இருக்கு. நம்ம ரிசப்ஷன் பெரியவரு காதுக்கு இது எட்டவே இல்லை.

"அதெல்லாம் ரிட்டயர்டு ஆளுக ஓட்டறதுங்க"ன்னு ஒரு நண்பர் சொன்னாரு. அவருகிட்ட நான் சொன்ன ஆளு, யிஃபெய் யே. சைனாக்காரப் பையன், 2000-ல பொறந்தவன். கார்ட்டிங், அப்புறம் 2016-ல பிரெஞ்சு ஃபார்முலா 4 சாம்பியன், அப்புறம் ஃபார்முலா ரெனால்ட். அதே பாதையில போன இன்னொரு சைனாப் பையன் ஜோ குவான்யூ 2022-ல எஃப் ஒன்னுக்குப் போயிட்டான். யே போகலை. நம்மூரா இருந்தா கல்யாண மண்டபத்துல கேட்டே கொன்னிருப்பாங்க. அவன் 2021-ல என்டூரன்ஸ் பக்கம் வந்தான். வந்த வருசமே லீ மான்ஸ்ல அவங்க காரு எல்எம்பி2 பிரிவுல முன்னால போயிட்டிருக்கு. கடைசி லாப். 24 மணி நேரம் ஓடி, கடைசி லாப்புல வண்டி நின்னு போச்சு. அதைப் பாக்கறப்ப நான் பட்டறையில டீயக் கீழ போட்டுட்டேன். நாலு வருசம் கழிச்சு, 2025 ஜூன்ல, அதே பையன் ராபர்ட் குபிட்சா, ஃபில் ஹான்சன் கூட மஞ்சள் ஃபெராரியில லீ மான்ஸை மொத்தமா ஜெயிச்சான். அப்படி ஜெயிச்ச மொத சைனாக்காரன். குபிட்சா யாருன்னா, எஃப் ஒன் ரேஸ் ஜெயிச்சவரு, ராலி விபத்துல கை கிட்டத்தட்ட போயி, திரும்பி வந்தவரு. ரிட்டயர்டு ஆளுன்னு அவருகிட்ட போய்ச் சொல்லிப் பாருங்க.

இதுல நம்மாளுக எங்கன்னு கேப்பீங்க. அந்த 2021 பிப்ரவரியில யே சாம்பியனான ஏசியன் லீ மான்ஸ் சீரிஸ்ல, துபாயிலயும் அபுதாபியிலயும், அதே கிரிட்டுல, அதே எல்எம்பி2 பிரிவுல ஒரு இந்தியக் காரு நின்னுச்சு. ரேசிங் டீம் இந்தியா. அதுல மூணு பேரு. நம்ம நரேன், நவீன் ராவ், அப்புறம் பெங்களூர் அர்ஜுன் மைனி. மூணு பேரும் இந்தியாக்காரங்க. இங்க ஒரு பேப்பர்ல துண்டுச் செய்தி பாத்த ஞாபகம். அவ்வளவுதான்.

அர்ஜுன் மைனி கதையத்தான் நான் எங்க மச்சானுக்கு (அக்கா வீட்டுக்காரர்) ராத்திரி பூரா உக்காந்து சொன்னேன். 1997-ல பொறந்த பையன். கார்ட்டிங்ல இருந்தப்ப 2011-ல ஃபோர்ஸ் இந்தியா அணி நாடு பூராவும் தேடி எடுத்த மூணு பசங்கள்ல ஒருத்தன். 2014-ல இங்கிலாந்துல பிஆர்டிசி ஃபார்முலா 4. சாம்பியன்ஷிப் கடைசி வரைக்கும் இழுபறி, ரெண்டாவது வந்தான். மொதல்ல வந்தவன் பேரு ஜார்ஜ் ரஸ்ஸல். ஆமாங்க, இன்னைக்கு மெர்சிடிஸ்ல எஃப் ஒன் ஓட்டி ஜெயிக்கற அதே ரஸ்ஸல்தான். 2017-ல பார்சிலோனாவுல ஜிபி3 ரேஸ் ஜெயிச்சான், இந்தியன் ஒருத்தன் அதுல ஜெயிச்சது அதான் மொதல். ஹாஸ் எஃப் ஒன் அணியில டெவலப்மெண்ட் டிரைவர். 2018-ல ஃபார்முலா 2. அந்த வருசம் சில்வர்ஸ்டோன்ல ரேஸ் முடிஞ்சு மெதுவா வர்ற லாப்புல, சொந்த டீம் மேட்டே வந்து இடிச்சான். இடிச்சவனுக்குத் தடை, அபராதம் எல்லாம் போட்டாங்க. ஆனா மைனிக்கு அந்த சீசன் போனது போனதுதான்.

எஃப் ஒன் கதவு அங்க சாத்திக்கிச்சு. நம்ம கணக்குப்படி அவன் ஃபெயில். அவன் என்ன பண்ணுனான்? 2019-ல எல்எம்பி2 கார்ல ஐரோப்பிய லீ மான்ஸ் சீரிஸ் ஓட்டுனான், அந்த வருசமே லீ மான்ஸ் 24 மணி நேரமும் ஓட்டுனான். அப்ப வயசு 21. 2021-ல டிடிஎம்முக்குப் போன மொத இந்தியன் ஆனான், மெர்சிடிஸ் ஜிடி3 கார்ல. 2025-ல ஹாப்ட் அணியோட ஃபோர்டு மஸ்டாங் ஓட்டுனான். அதாவது ஸ்கூல் பையனா இருந்தப்ப ஏறுன வண்டியிலிருந்து இன்னும் எறங்கலை. பெரிய பெரிய ஜெர்மன்காரனுக நடுவுல தொழிலா ஓட்டறான். இதை ஃபெயில்னு சொன்னா நாமெல்லாம் என்ன பாஸு?

இன்னொரு பழைய கதையும் சொல்லணும். மைனிக்கு ரொம்ப முன்னாடி, 2009-லயே நரேன் லீ மான்ஸ் ஓட்டியிருக்கணும். கோலஸ் அணியோட ஆடி கார். ரேஸுக்குக் கொஞ்சம் முன்னாடி பிட் சுவத்தைத் தாண்டறப்ப விழுந்து தோள்பட்டை எறங்கிருச்சு. மனுசனால ஓட்ட முடியலை. மூணு பேர் ஓட்ட வேண்டிய வண்டிய மிச்ச ரெண்டு பேரே 24 மணி நேரமும் மாத்தி மாத்தி ஓட்டி ஏழாவதாக் கொண்டு வந்தாங்க. அதுல ஒருத்தன் ஆந்த்ரே லாட்டரர். ஆடி கம்பெனி அவனைப் புடிச்சு உள்ள போட்டுக்கிச்சு, அப்புறம் மூணு தடவை லீ மான்ஸ் ஜெயிச்சான். ஒரு தோள்பட்டை ஒரு ஆளை எங்க கொண்டுபோய் விட்டுச்சு பாருங்க. கடைசில லீ மான்ஸ்ல மொதல்ல ரேஸ் ஓட்டுன இந்தியன், 2012-ல கருண் சந்தோக். அவங்க காரு மொத்தத்துல ஆறாவது வந்துச்சு. அதையும் இங்க யாரும் கொண்டாடலை.

எங்கப்பா ஸ்பின்னிங் மில்லுல மேஸ்திரியா இருந்தாரு. ஷிப்ட் முடியறப்ப ரிங் ஃப்ரேம்ல இழை அந்து கெடக்கற ஸ்பிண்டிலை அப்படியே விட்டுட்டு, சங்கு ஊதிருச்சுன்னு கெளம்பற ஆளை அவருக்குக் கண்டாலே ஆகாது. அடுத்த ஷிப்ட்டுக்காரன் மிஷினை வாங்கறப்ப அது ஓடற நெலமையில இருக்கணும்ங்கறதுல அவ்வளவு கண்டிப்பு. என்டூரன்ஸ் ரேஸும் அச்சு அசல் அதேதான். ஒரு காரு, மூணு ஆளு. நீ வேகமாப் போகலாம், ஆனா டயரைத் தின்னுட்டு, பிரேக்கைக் கருக்கிட்டு, பம்பரைத் தொங்கவிட்டு அடுத்தவன்கிட்ட குடுத்தா மூணு பேர் பொழப்பும் போச்சு. ஒரே டிராக்குல வேகமான காரும் மெதுவான காரும் கலந்து ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில ஓரங்கட்டி வழி குடுக்கணும், வழி வாங்கணும். எந்த டிரைவரும் ஆறு மணி நேரத்துக்குள்ள நாலு மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது, மொத்தத்துல 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு லீ மான்ஸ்ல சட்டமே இருக்கு. சீட்டு கூட சமரசந்தான். ஆறடி ஆளுக்கும் அஞ்சரையடி ஆளுக்கும் ஒரே சீட்டு, குட்டையானவன் ஒரு குஷனைத் தூக்கிக்கிட்டு ஓடிவந்து போட்டு உக்காருவான்.

இவ்வளவு நாளா மூணு ஷிப்ட் மில்லு ஓட்டுன ஊரு இது. இங்கிருந்து சோமனூர் வரைக்கும் ராத்திரி விசைத்தறி சத்தம் கேட்டே தூங்குன சனம். உலகத்துல எந்த ரேஸ் புரியலைன்னாலும் நமக்கு இந்த ரேஸ் புரியணும். நாமதான் சின்ன வயசு முதலாளி மாதிரி, ஒத்தை சீட்டு, ஒத்தை ஆளு, ஒண்ணரை மணி நேரம்னு அதையே புடிச்சுத் தொங்கறோம்.

கார்ட்டிங் பசங்க இதுக்கு லாயக்கான்னா, அவங்கதான் லாயக்கு. கார்ட்டுல சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரன்ஷியல் கிடையாது, பின்னாடி ஒரே தண்டு ஆக்ஸில். திரும்பறப்ப உள்பக்கப் பின் சக்கரம் ஒரு நூல் மேல எந்திரிக்கணும், இல்லைன்னா வண்டி இழுத்துக்கிட்டே போகும். ஸ்டியரிங்கை எப்ப, எவ்வளவு குடுத்தா அது எந்திரிக்கும்னு இடுப்பாலயே தெரிஞ்சுக்கணும். விலா எலும்புக்குத் தனியாக் கவசம் போடாட்டி ரத்தம் கட்டிக்கும். எங்க பையன் ஒன்பது வயசுல மொத மாசம் படுக்கையில ஒருக்களிச்சுத்தான் தூங்குவான். அக்கா தைலம் தேச்சுக்கிட்டே என்னைத் திட்டும். (கார்ட்டு வாங்கிக் குடுக்கச் சொல்லித் தூண்டிவிட்டது நான்தானே.)

சரி, அப்பனுக கதை. மச்சான் நல்ல மனுசன். விவசாயம், கொஞ்சம் கோழிப்பண்ணை. பையனுக்காக இதுவரைக்கும் செலவு பண்ணுனதுக்கு ஒரு கணக்கு நோட்டு கூட வெச்சுக்கலை. போன மாசம் பட்டறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "மாப்ள, கலங்கல் பக்கத்துல இருக்கற ரெண்டேகால் ஏக்கரை குடுத்தறலாம்னு இருக்கறன். பையனை யூரோப்புக்கு அனுப்பி ஒரு வருசம் ஃபார்முலா 4 ஓட்ட வெச்சுட்டா, அப்புறம் அவன் அவன் வழியப் பாத்துக்குவான்."

"எதுக்குங்க மச்சான்?"

"எஃப் ஒன்னுக்கு வேற வழி இல்லைங்கறாங்களே மாப்ள."

நான் மச்சானைக் குத்தம் சொல்லலை. அவரு காதுல ஓதுனவங்களைத்தான் சொல்றேன். ஒரு வருசத்துக்கு ரெண்டேகால் ஏக்கர் பூமி. ரெண்டாவது வருசத்துக்கு? ஃபார்முலா 3-க்கு? ஃபார்முலா 2-க்கு? மைனி மாதிரி தொழிலதிபர் வீட்டுப் பையனே அங்க போயித் திரும்ப வேண்டியிருந்துச்சு. பையனோட திறமை பத்தாததால இல்லை. 22 சீட்டுல காலி சீட்டு இல்லாததால.

உடனே, "என்டூரன்ஸுன்னா சும்மா வந்துருமா, அதுக்கும் பணம் வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. வேணும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அங்க ஒரு விசித்திரமான சட்டம் இருக்கு. டிரைவர்களை எஃப்.ஐ.ஏ. நாலு தரமாப் பிரிச்சிருக்கு. பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ். பிரான்ஸ்ங்கறது பெரும்பாலும் லேட்டா ஆசைப்பட்டு ஓட்ட வந்த வசதியான ஆளுக. ஏசியன் லீ மான்ஸ் மாதிரி சீரிஸ்ல, உலக சாம்பியன்ஷிப்போட ஜிடி3 பிரிவுல எல்லாம் காருக்கு ஒரு பிரான்ஸ் டிரைவர் கட்டாயம். பல அணிகள்ல வண்டி ஓடறதே அவரு பணத்துலதான். அவருகூட ஒரு சில்வர் வேணும். பெரிய பட்டம் எதுவும் வாங்காத இளசுக எல்லாம் சட்டப்படி சில்வர். அதுல எவன் கோல்டு மாதிரி ஓட்டறானோ அவனை அணிகள் தேடிக்கிட்டே இருக்கு. அதாவது இருபது வயசுல வேகமா ஓட்டத் தெரிஞ்சு, பேர் வாங்காம இருக்கறது எஃப் ஒன் பாதையில சாபம். இங்க அதுக்கு வெலை இருக்கு. எல்லாருக்கும் சீட்டு கிடைச்சுருமான்னா கிடைக்காது. ஆனா கதவு நெறய இருக்குங்க. ஒரு கதவுக்கு முன்னாடி நின்னு பூமிய விக்கறதை விட இது மேல்.

இதைப் புரிய வைக்க எனக்குக் கெடைச்ச ஒரே துணை நம்ம அஜித்குமார். சிரிக்காதீங்க. 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவரோட அணி அதோட பிரிவுல மூணாவது வந்துச்சே, அன்னைக்குத்தான் தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு 24 மணி நேரம் கார் ஓட்டற ரேஸ்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது. எங்கக்கா என்கிட்ட போன் பண்ணி, "ஏன்டா, அஜித்து தூங்கவே மாட்டாரா?"ன்னு கேட்டுச்சு. மாத்தி மாத்தி ஓட்டுவாங்கன்னு விளக்குனேன். 2025-26 ஏசியன் லீ மான்ஸ் சீரிஸுக்கு நரேனும் அவரு அணியில சேர்றாருன்னு அறிவிப்பு வந்தப்ப எனக்கு ஒரு சந்தோசம், ஒரு எரிச்சல். நரேன் பத்து வருசமா கத்தியிருந்தாலும் கேக்காத சனம், சினிமாக்காரர் கூடச் சேர்ந்ததும் கேக்குது. சரி, எப்படியோ கேட்டாச் சரி.

அப்புறம் நம்ம ஊரு கம்பெனிகள். பேரு சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் முன்னாடி பையனுக்கு ஸ்பான்சர் கேட்டு நானும் மச்சானும் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனோம். ஃபைல்ல எல்லா ரிசல்ட்டும், லாப் டைமும் அடுக்கி வெச்சிருந்தோம். அஞ்சு தடவை வரச் சொன்னாங்க. அஞ்சாவது தடவை உள்ள உக்காந்திருந்தவரு ஃபைலைத் தொறக்கவே இல்லை. "எஃப் ஒன் போயிருவானா? போறதா இருந்தாச் சொல்லுங்க, யோசிக்கறோம்." எஃப் ஒன் போறவனுக்கு உங்க ஸ்டிக்கர் எதுக்குய்யா? அடுத்த மாசம் ஒரு பாட்டுக் கச்சேரி பேனர்ல அதே கம்பெனி பேரைப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு சிரிச்சுக்கிட்டேன், வேற என்ன பண்ண?

பம்ப்பு, கிரைண்டர், காஸ்ட்டிங், கியர், பேரிங்னு பண்ற ஊருங்க இது. 24 மணி நேரம் நிக்காம ஓடும்னு விளம்பரம் போட்டு மோட்டார் விக்கறவங்க, 24 மணி நேரம் நிக்காம ஓடற ரேஸுக்கு ஒரு பையனை அனுப்பி வெச்சா அதைவிடப் பொருத்தமான விளம்பரம் உண்டா? எனக்கே தோணுது, அங்க கோட்டு போட்டு உக்காந்திருக்கறவங்களுக்குத் தோணலை. எஃப் ஒன் சீட்டுக்கு ஒருத்தனை அனுப்பற காசை யோசிக்கவே முடியாது. மூணு கம்பெனி சேர்ந்தா, மூணு பசங்க, ஒரு காரு, ஏசியன் சீரிஸ்ல ஒரு சீசன். செலவை மூணாப் பிரிச்சுக்கலாம். வட்டார சங்கக் கூட்டத்துல காப்பி குடிச்சுக்கிட்டே முடிவு பண்ணக்கூடிய விசயம்.

அரசாங்கமும் 2024 ஆகஸ்ட் கடைசில சென்னை தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி வெளிச்சத்துல தெரு ரேஸ் நடத்துச்சு. நல்ல விசயம்தான், பையனை நானே ட்ரெயின்ல கூட்டிட்டுப் போனேன், வாயப் பொளந்து பாத்தோம். ஆனா அந்த விளக்குக் கம்பத்துக்கு ஆன செலவுல ஒரு துளி, ஜில்லாவுக்கு ஒரு கார்ட்டிங் டிராக்கு, வாடகைக்குப் பத்து கார்ட்டுன்னு போயிருந்தா, பட்டறைக்காரன் மருமகன் மட்டுமில்ல, பட்டறையில வேலை செய்யறவன் பையனும் ஓட்டிப் பாத்திருப்பான். மாசம் ஒரு நாலு மணி நேர ரிலே கார்ட்டிங் ரேஸ் வெச்சாலே போதும். வண்டிய மாத்திக் குடுக்கற பழக்கம் பத்து வயசுலயே வந்துரும்.

மறுபடியும் பையன்கிட்ட வர்றேன். கல்யாணத்துல இருந்து திரும்பி வர்றப்ப திருச்சி ரோட்டுல என்கூட வண்டியில வந்தான். சிங்காநல்லூர் தாண்டி ஒண்டிப்புதூர் வரைக்கும் பேசலை. அப்புறம் சொன்னான். "மாமா, எனக்கு மொதல்ல இருந்தே லீ மான்ஸ்தானுங்க புடிக்கும். அப்பாகிட்டச் சொன்னா, எஃப் ஒன் முடியலைன்னு சாக்கு சொல்றேன்னு நெனைப்பாரு. பூமிய வேற விக்கறேங்கறாரு. நான் எப்படிங்க மாமா சொல்றது?"

நான் வண்டிய ஓரம் கட்டிட்டேன். எட்டு வருசமா அவனுக்குப் புடிச்சது வேற, நாங்க அவனை வெச்சுக் கண்ட கனவு வேற. அவன் மொத கோப்பை வாங்குன அன்னைக்கு, ஒன்பது வயசுல, டிராக்குல நின்னு, "அடுத்து எஃப் ஒன்னுதாண்டா மாப்ள!"ன்னு கத்துனது யாரு? இந்தத் தாய்மாமன்தான். கல்யாண மண்டபத்துல பதினோரு பேர்னு எண்ணுனேன் பாருங்க, பன்னெண்டாவது ஆளு நான்தான். இல்லை, மொத ஆளு.

அன்னைக்கு ராத்திரிதான் மச்சானை உக்கார வெச்சுப் பேசுனேன். மைனி, கருண், சில்வர் சட்டம் எல்லாம் சொன்னேன். பாதிக்குத் தலையாட்டுனாரு, பாதிக்குக் கொட்டாவி. கடைசியா யூடியூப்புல ஃபுஜி ரேஸைப் போட்டுக் காட்டுனேன். நரேன் மொதல்ல வந்து கோட்டைத் தாண்டறாரு. மச்சான் போனை வாங்கி, பின்னாடி இழுத்து மறுபடியும் பாத்தாரு.

"இது எப்ப மாப்ள நடந்துச்சு?"

"2019-லங்க மச்சான்."

"எனக்குத் தெரியவே இல்லையே."

அடுத்து யே கதைக்கு வந்தேன். கடைசி லாப்புல நின்ன வண்டி, நாலு வருசம் கழிச்சு ஜெயிச்ச வண்டி. ரெண்டையும் காட்டுனேன். பையன் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தது எனக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியாது. மச்சான் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அந்த சைனாப் பையன் அப்பா எவ்வளவு பூமி வித்தாராம்?"னாரு.

நான் என்னத்தச் சொல்ல!

பூமி வாங்கற பார்ட்டி அட்வான்ஸோட இந்த வாரமே வர்றதா இருந்துச்சு. மார்கழியில எந்தக் கையெழுத்தும் வேண்டாம்னு அக்கா சொல்லிட்டா. தை பொறக்கற வரைக்கும் எனக்கு டைம் இருக்கு. ஞாயித்துக்கிழமை செட்டிபாளையத்துல பையனுக்குப் பிராக்டிஸ். மச்சானும் வர்றேன்னிருக்காரு. இந்தப் பக்கம் வந்தா நீங்களும் வாங்க, ஆனா அந்தக் கேள்விய மட்டும் கேட்டுறாதீங்க.